பன்னிரண்டாவது கம்பம்

எங்கள் ஹாலுக்குள் தெருச் செருப்போடு யாரும் கால் வைக்க முடியாது. மந்திரியே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே போடுவதற்கென்று தனியாகக் கொண்டுவந்த ஷூவை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். "நாய் மட்டும் தெருவுல நடந்த காலோட வருதே மேடம்?" என்று ஒரு புது ஆள் கேட்டார். "நாய்க்கு நாலு காலையும் வாசல்லயே துடைச்சிட்டுதான் விடறோம். உங்களுக்கும் துடைச்சி விடட்டுமா?" என்றேன். அன்றிலிருந்து அவர் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்.

அந்தத் தரையைப் பற்றி எனக்குத் திமிர் உண்டு. மறைக்க மாட்டேன். ஒரு காலத்தில் கட்டிலும் பீரோவும் அடுக்கிவைத்திருந்த கிடங்கு அது. உள்ளே வந்தால் மரத்தூள் நெடி மூக்கில் ஏறும். நாங்கள் மூன்று பேர், நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார், நான்கு மாதம் கூட்டிப் பெருக்கி, ரப்பர் விரித்து, அதன்மேல் பச்சைச் செயற்கைப் புல் ஒட்டினோம். நாய் முழு வேகத்தில் திரும்பினாலும் கால் வழுக்காது. என் வீட்டுக்காரர் பிளம்பர். தாண்டுவதற்கான கட்டைகளையும், நுழைந்து ஓடும் கம்பங்களையும் தண்ணீர்க் குழாயிலேயே செய்து கொடுத்தார். கடையில் வாங்கினால்கூட அப்படி அமையாது. இதை அவர் எதிரில் சொல்வதில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தலைகால் புரியாது.

நாங்கள் இங்கே நாய்களுக்குக் கற்றுத்தரும் அஜிலிட்டி என்ற விளையாட்டு என்னவென்று எல்லோரும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தாண்டும் கட்டைகள், நீளமான துணிக்குழாய், ஒரு முனை ஏற மறுமுனை இறங்கும் சீசாப் பலகை, கூரை மாதிரி ஏறி இறங்கும் பலகை, வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்பம், எல்லாம் ஹால் முழுக்கக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாய் அந்த எண் வரிசையில் ஓட வேண்டும். கூடவே மனுஷனும் ஓட வேண்டும். கையில் வார் கிடையாது, தின்பண்டம் கிடையாது, நாயைத் தொடவும் கூடாது. குரலும் கையும் காலும் தோளும்தான். ஒரு பிழையும் இல்லாமல் முடித்தால் அது சுத்த ஓட்டம்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கம்பம்தான். தையல் போடுவதுபோல நாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புகுந்து புகுந்து போக வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது. நன்றாகப் பழகிய நாய்க்குப் பன்னிரண்டு கம்பமும் மூன்று நொடி வேலை. அந்த மூன்று நொடிக்குப் பின்னால் ஒரு வருஷம் இருக்கிறது.

இப்போது என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. வயதில் என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள், உறவில் நான் அண்ணி. அதனால் அவள் என்னை 'வாங்க போங்க' என்பாள், நான் அவளை 'வா போ' என்பேன். கேட்பவர்கள் குழம்பிப் போவார்கள். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்ச நல்லா இழுங்க… பிடிங்க… ம், விடுங்க." இதை எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பாளோ. வகுப்பில் யாராவது பதறினால் இப்போதும் அதையேதான் சொல்வாள். பதற்றக்காரர்களும் சொன்னபடி இழுத்துப் பிடித்து விடுவார்கள். நான் கத்தி மணிக்கணக்கில் செய்ய முடியாததை அவள் ஒரு மூச்சில் செய்துவிடுவாள்.

அவள் நாயின் பெயர் தபால். எக்ஸ்ரே அறை வாசலில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன குட்டி. விலாசம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. என்ன ஜாதி நாய் என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். ஆனால் ஓடினால்! நான் சொன்னால் மிகை என்பீர்கள், போகட்டும்.

எங்கள் ஹால் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. என் பெயருக்குக் கீழே 'பயிற்றுநர்' என்றும், அவள் பெயருக்குக் கீழே 'உதவிப் பயிற்றுநர்' என்றும் எழுதியிருந்தது. அந்த 'உதவி' நாங்கள் வைத்ததல்ல, அஜிலிட்டி சங்கத்தின் சட்டம். தானே பழக்கிய நாயோடு உயர்நிலைப் பிரிவில் மூன்று சுத்த ஓட்டம் ஓடினால்தான் பயிற்றுநர் பட்டம். நான் என் பழைய நாயோடு வேறு ஹாலில் பழகி எப்போதோ வாங்கிவிட்டேன். அவளுக்கு இரண்டு கிடைத்திருந்தது. ஒன்று பாக்கி. தபாலுக்கு எட்டு வயது முடியப்போகிறது. ஒன்பது ஆகிவிட்டால் முதியவர் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே ஓடும் ஓட்டம் பட்டத்துக்குச் சேராது. அதற்குள் ஒரே ஒரு போட்டிதான் மிச்சம் இருந்தது.

இன்னொரு நாயை முதலிலிருந்து பழக்கலாமே என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "தபால் வாங்காத பட்டம் எனக்கு எதுக்குண்ணா?" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதுவரை ஏழு போட்டி ஓடியிருந்தாள். முதல் போட்டியிலும் நான்காவதிலும் சுத்தம். மற்ற ஐந்திலும் பிழை. ஐந்தும் ஒரே இடத்தில். கம்பத்துக்குள் தபால் அம்பு மாதிரி நுழையும், ஒன்பது வரை அச்சடித்தாற்போலப் போகும், பத்தாவதில் தலையைத் தூக்கும், அப்படியே வெளியே வந்துவிடும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஐந்து சுத்த ஓட்டம் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹாலில் ஒரே ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது, அப்படியானால் கோளாறு கூட ஓடுகிறவளிடம்தான். நான் அப்படித்தான் முடிவு கட்டினேன், கட்டியதோடு வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை.

"தோளைத் திருப்பாதேன்னு எத்தன தடவ சொல்றது? பத்தாவது கம்பத்துகிட்ட நீ முன்னாடியே திரும்பற. அது உன் தோளத்தான் பாக்குது!"

"திருப்பல அண்ணி."

"திருப்பற. பயப்படற. உன் பயம் அதுக்கு வார் வழியா எறங்குது."

"வாரே இல்லையே மேடம்" என்று முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி ஆரம்பக் கோட்டுக்குப் போய் நின்றாள்.

இதெல்லாம் சனிக்கிழமை வகுப்பில், பதினோரு பேரும் பதினோரு நாயும் பார்க்க. ஆறு மாதம். என் குரல் எப்படிப்பட்டது என்று பக்கத்துக் கட்டடத்தில் அச்சகம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். மெஷின் ஓடும்போதும் கேட்கிறதாம்.

மருந்துக்கடைக்காரம்மா இல்லாவிட்டால் நான் இன்றும் கத்திக்கொண்டுதான் இருப்பேன். அவர் எங்கள் மாணவி. குட்டைக்கால் நாய் ஒன்று வைத்திருக்கிறார். அது ஒரு கட்டையைத் தாண்டினால் நூறு படம் எடுப்பார். எல்லா வகுப்பையும் செல்போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுப் பார்ப்பார். ஒருநாள் வகுப்பு முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றார்.

"விஷயத்தப் பொறுத்து."

"என் பொண்ணு வீடியோ பாத்துட்டு கேக்கறா, அந்த மூலைல நிக்கறது பொம்மையான்னு. எல்லா வீடியோவுலயும் நீங்க ஒரே எடத்துல நிக்கறீங்க. கம்பம் முடியற எடத்துல. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன். ஹாலைப் பூட்டப் போனவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கையை ஏன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்? கையில் கயிற்றுப் பொம்மை இருக்கும். தபாலுக்கு உயிரே அதுதான். கம்பத்தை முடித்து வெளியே வந்ததும் அதை நீட்டுவேன், அது கவ்வி இழுக்கும், நானும் இழுப்பேன், இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். மற்றவர்கள் நாய்க்கு அவரவரே கொடுத்துக்கொள்வார்கள். வீட்டு நாய் ஆயிற்றே என்று தபாலுக்கு மட்டும் நான். மூன்று வருஷமாக, தினமும், பன்னிரண்டாவது கம்பத்திலிருந்து இரண்டடி தள்ளி நான்.

போட்டியில் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே வெளியாள் நிற்கக் கூடாது.

பூட்டை வைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். அப்புறம் அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு போட்டியிலும் தடைகள் எப்படி வைத்திருக்கிறது என்று வரைபடம் அச்சடித்துக் கொடுப்பார்கள். நான் ஒன்றையும் எறிவதில்லை. ஏழு வரைபடத்தையும் புல் மேல் வரிசையாக விரித்து, முழங்கால் முனக, குனிந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்து ஒரு பெருக்கல் குறி போட்டேன். நாற்காலி போடும் இடத்தை நான் மறக்க மாட்டேன், ஃபேன் இருக்கும் பக்கமாகத்தான் போடுவேன்.

ஐந்து வரைபடத்தில் என் குறி எங்கோ கிடந்தது. முதல் போட்டியில் கம்பங்களின் வரிசை நேராக என் நாற்காலியைப் பார்த்து முடிந்தது. நான்காவது போட்டியிலும் அப்படியே.

கம்பத்தைப் பழகவே இல்லை அந்த நாய். என்னிடம் வரப் பழகியிருக்கிறது. வழியில் கம்பம் இருந்தது, அவ்வளவுதான். பத்தாவதில் தலையைத் தூக்கி என்னைத் தேடியது. நான் இருந்தால் முடித்தது. இல்லாவிட்டால், வேலை கலைந்துவிட்டது என்று வெளியே வந்தது. அதில் நாயின் தப்பு ஒன்றுமில்லை, என் நாத்தனாரின் தோளிலும் ஒன்றுமில்லை. எல்லோரையும் கவனிக்கிறேன் என்று கண்கொத்திப் பாம்பாக நின்றவள் என்னை மட்டும் கவனிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் சொல்லலாம் என்று இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். "பல்லு வலியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சமையலறையில் வைத்து நைசாகச் சொல்லிவிடலாம், அவள் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிடுவாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு பேர் பார்க்கத் திட்டினேன். அதே பதினோரு பேர் பார்க்கத்தான் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

சனிக்கிழமை எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தேன்.

"ஒரு நிமிஷம் நாயெல்லாம் உக்கார வைங்க. அஞ்சு போட்டியில தபால் வெளிய வந்ததுக்குக் காரணம் இவ தோள் இல்ல. கால் இல்ல. பயமும் இல்ல. நான்தான். கம்பத்து முடிவுல நானே பொம்மையோட நின்னு, நாயக் கெடுத்து வச்சிருக்கேன். ஆறு மாசமா இவள உங்க முன்னாடி திட்டினது அத்தனையும் தப்பு."

குட்டைக்கால் நாய் ஒரு தடவை குரைத்தது. மருந்துக்கடைக்காரம்மா அதன் வாயைப் பொத்தினார்.

என் நாத்தனார் கையில் இருந்த வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா தினம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு என் தோளப் பாத்துட்டிருக்கேன் அண்ணி."

கயிற்றுப் பொம்மையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எத்தன வாரம் இருக்கு?" என்று வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு."

"சரி. நாளைலேர்ந்து நான் தபாலப் பழக்கறப்ப நீங்க ஹாலுக்குள்ள வரக் கூடாது. கண்ணுல படக் கூடாது. குரலும் கேக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "குரல்தான் முக்கியம்" என்றாள்.

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் தரையிலிருந்து என்னையே வெளியேற்றிவிட்டாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்றுநர் அப்படித்தான் பேச வேண்டும்.

ஹாலுக்குப் பக்கத்திலேயே சாமான் அறை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டும்தான். துணிக்குழாய் உருளாமல் இருக்க வைக்கும் மணல் மூட்டைகள் அங்கே கிடக்கும். அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், வாய் திறக்காமல், ஐந்து வாரம். என் வீட்டுக்காரர் இதைக் கேள்விப்பட்டு இரண்டு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். நம்ப முடியவில்லையாம்.

கண்ணுக்கு வேலை இல்லாததால் காது வேலை செய்ய ஆரம்பித்தது. சீசா தரையில் இறங்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். குழாய்க்குள் ஓடும்போது மழை பிடித்து ஓய்ந்ததுபோல ஒரு சரசரப்பு. கட்டை விழுந்தால் 'டங்'. கம்பம்தான் நுணுக்கமானது. நாயின் தோள் பட்டுப் பட்டுக் கம்பம் ஆடும். இரண்டு கம்பத்துக்கு ஒரு 'தட்' என்று காதில் விழும். பன்னிரண்டுக்கு ஆறு தட். முதல் வாரம் முழுக்க நான் கேட்டது ஐந்து. தட் தட் தட் தட் தட், அதன்பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் சாமான் அறைக் கதவைப் பிராண்டும் சத்தம். என்னைத் தேடி வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பிராண்டலுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுதான் நான் அந்த ஹாலில் செய்த மிகக் கஷ்டமான வேலை.

அவள் அவசரப்படவில்லை. இரண்டாவது வாரம் பன்னிரண்டைப் பிடுங்கிவிட்டு நான்கு கம்பத்திலிருந்து ஆரம்பித்ததாகச் சொன்னாள். பொம்மையைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். கடைசிக் கம்பத்தை விட்டு வால் வெளியே வந்த பிறகுதான் எறிவாள். வால் வரும்வரை இல்லை. தினமும் கம்பங்களின் திசையை மாற்றினாள், ஒருநாள் கதவைப் பார்த்து, ஒருநாள் சுவரைப் பார்த்து. நான்கு ஆறாயிற்று, எட்டாயிற்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் நிதானமாக, தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. இவளையா இத்தனை நாள் உதவி என்று பலகையில் போட்டு வைத்திருந்தோம் என்று நினைத்தேன். நானே ஒரு மாணவியாக இருந்தால் என்னிடம் சேர மாட்டேன், அவளிடம்தான் சேர்வேன்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறாவது தட் கேட்டது. மணல் மூட்டையில் உட்கார்ந்து சத்தம் போடாமல் அழுதேன்.

போட்டி வேறு ஊரில். பெரிய ஹால், எங்கள் ஹாலைப்போல இரண்டு மடங்கு. ஆனால் தரையை நன்றாகப் பார்த்தேன், ஓரத்தில் புல் பிரிந்திருந்தது. எங்கள் ஹாலில் அதெல்லாம் நடக்காது.

அன்று காலையில் முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாசனை நாலு வீடு தாண்டும் என்பார் என் வீட்டுக்காரர். தபால் மோப்பம் பிடித்துவிடக் கூடாது. நொண்டிக்கொண்டே போனேன்.

வரைபடம் கொடுத்தார்கள். பதினான்காவது தடை கம்பம். வரிசை வெறும் சுவரைப் பார்த்து முடிந்தது. அந்தப் பக்கம் நாற்காலி இல்லை, ஆள் இல்லை, ஃபேன்கூட இல்லை. கம்பத்துக்குப் பிறகு இரண்டு கட்டை, அத்தோடு முடிவுக் கோடு. சுவர் என்று சொன்னேன், உண்மையில் அதுவும் ஒட்டுப்பலகைத் தடுப்புதான். அதற்குப் பின்னால் கழிவறைக்குப் போகும் நடை.

"எனக்கு எடம் கெடச்சாச்சு" என்றேன்.

ஓட்டத்துக்கு முன்னால், நாய் இல்லாமல் தடைகளை நடந்து பார்க்க எட்டு நிமிஷம் தருவார்கள். இருபது பேர் கையை நீட்டி, இல்லாத நாயை 'வா வா' என்று கூப்பிட்டு, திடீரென்று திரும்பி, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது "இவங்களையெல்லாம் எப்ப வெளிய விடுவாங்க?" என்று கேட்டவர் என் வீட்டுக்காரர். என் நாத்தனாரும் அந்த இருபதில் ஒருத்தியாக நடந்தாள். பத்தாவது கம்பத்தருகே நின்றாள். ஒரு தடவை தோளை உதறிவிட்டுக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

வெளியே வந்தவளிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க போய் உக்காருங்க. எட்டிப் பாக்காதீங்க."

"பாக்க மாட்டேன்."

"எண்ணுவீங்கல்ல?"

"எண்ணுவேன்" என்றேன்.

நடையில் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் உட்கார்ந்து தடுப்பில் காதை வைத்தேன். கை கழுவ வந்த நடுவர் ஒருவர் என்னைப் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்றார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவரும் மரியாதையாகச் சத்தமில்லாமல் கை கழுவிவிட்டுப் போனார்.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். தபால் பெயரையும் சொன்னார்கள். கூட்டத்தில் சிரிப்பு, எல்லா ஊரிலும் அந்தப் பெயருக்குச் சிரிப்பார்கள். பிறகு அமைதி. மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"வா!"

ஒரு கட்டை, இரண்டு, சத்தமில்லை, சத்தமில்லாமல் இருப்பதுதான் நல்லது. குழாயின் சரசரப்பு. ஏறும் பலகையில் நகம் உரசும் சத்தம். சீசா 'தொம்'. அவள் குரல் ஒரு வார்த்தை, ஒரு வார்த்தையாக. மறுபடி குழாய். அவள் ஷூ என் பக்கம் நெருங்கி வருகிறது. கம்பத்துக்கு வந்தாயிற்று.

தட்.

தட். தட். தட்.

தட்.

இந்த இடத்தில்தான் ஐந்து தடவை உலகம் நின்றது. நான் அங்கே இல்லை, பொம்மை இல்லை, அதன் மூக்குக்கு நேரே வெறும் பலகை. தலையைத் தூக்குமா? தூக்கித் தேடுமா?

தட்.

ஆறு. பன்னிரண்டு கம்பம். யாரையும் பார்க்காமல், யாரும் நிற்காத சுவரைப் பார்த்து, வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தது எங்கள் தபால். இன்னும் இரண்டு கட்டை இருந்தது. 'டங்' என்று ஒரு சத்தம் வந்தால் எல்லாம் போச்சு. வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. ஒன்றுமே விழவில்லை.

கூட்டம் கத்தியது. என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டிய என் வீட்டுக்காரர் வரவே இல்லை. அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் வாளியில் அப்படியே இருந்தேன். எழுந்திருக்க முழங்கால் விடவில்லை. எழுந்திருக்கத் தோன்றவும் இல்லை.

அப்போது தடுப்பில், என் காதுக்கு நேரே, டொம் டொம் என்று இரண்டு தட்டு.

"அண்ணி!" என்றாள் அவள், அந்தப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்க. "ம்… விடுங்க."

அப்போதுதான் நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து ஹால் வாசலில் வண்டியை நிறுத்தினோம். தபால் பின்சீட்டில் கயிற்றுப் பொம்மையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தன் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். பலகையில் 'உதவி' என்பது ஒட்டின எழுத்து. அதை அவளே சுரண்டட்டும் என்று அவருக்கு ஆசை.

அவள் பலகைக்குப் பக்கத்தில் போனாள். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த வார்த்தை அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் பலகை மட்டும் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது.

"எப்ப எடுத்தீங்க அண்ணி?"

"காலைல. கெளம்பறதுக்கு முன்னாடி."

"ஜெயிக்கலைன்னா?"

"ஜெயிக்கலைன்னா சங்கத்துக்காரங்க வந்து ஒட்டிக்கட்டும். நான் ஒட்ட மாட்டேன்" என்றேன். "சும்மா நிக்காத. தபால எழுப்பு. உள்ள போகும்போது காலத் தொடைச்சி விடு."

அவள் துடைக்கவில்லை. பலகை அடியில் நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தோளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நானே குனிந்து தபாலின் நான்கு காலையும் துடைத்தேன்.